உறவு குற்றமில்லை... திருமணம் செல்லுமா? தன்பாலின இணையர் பற்றி சட்டம் சொல்வது என்ன?

கம்பத்திலோ போடியிலோ வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது என்று முடிவெடுத்து வீட்டைவிட்டுக் கிளம்பினால், விஷயம் முதலில் போய் நிற்கும் இடம் கோர்ட் இல்லை, போலீஸ் ஸ்டேஷன்தான். "புள்ளையக் காணோம்" என்று பெற்றோர் கொடுக்கும் புகார்தான் அங்கே முதல் காகிதம். அந்தக் காகிதத்தை வைத்து ஸ்டேஷனில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அந்த இருவரின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது.

377-வது சட்டப்பிரிவு 2018-லேயே செயலிழந்துவிட்டது. ஆனாலும் "இது சட்டப்படி தப்புதானே?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. இன்னொரு பக்கம், "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி கல்யாணமும் பண்ணிக்கலாம்" என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. இந்தியச் சட்டம் இப்போது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது எந்த இடம், உலக நாடுகள் எங்கே நிற்கின்றன, தேனி மாவட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு நடைமுறையில் என்ன பாதுகாப்பு என்று பார்ப்போம்.

377-க்கு என்ன ஆனது?

1860-ல் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்டு, 1862 முதல் அமலுக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 377-வது பிரிவு, "இயற்கைக்கு மாறான" உடலுறவை ஆயுள் தண்டனை வரை கொடுக்கக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. இந்தப் பிரிவில் கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்களைவிட, இதைக் காட்டி மிரட்டப்பட்டவர்கள்தான் அதிகம். பணம் பறிக்கவும், வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்தவும் அது வசதியாக இருந்தது.

2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவை இந்தப் பிரிவிலிருந்து விலக்கியது. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய, பழைய நிலையே திரும்பியது. 2017-ல் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2018 செப்டம்பர் 6-ல், நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் 5 நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று அறிவித்தனர்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே கிடையாது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2018 தீர்ப்பு, சம்மதமில்லாத உறவுக்கு 377 தொடர்ந்து பொருந்தும் என்று வைத்திருந்தது. புதிய சட்டத்தில் பிரிவே இல்லாததால், வயது வந்த ஓர் ஆணை இன்னோர் ஆண் பாலியல் வன்கொடுமை செய்தால் நேரடியாகப் போடுவதற்கு ஒரு சட்டப்பிரிவு இல்லை. காயப்படுத்துதல், அடைத்து வைத்தல் போன்ற பிரிவுகளில்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், ஆணோ பெண்ணோ, போக்சோ சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதே போக்சோதான், இணையரில் ஒருவருக்கு 18 நிரம்பாவிட்டால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லப்படுவது எல்லாம் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே.

அப்படியானால் கல்யாணம்?

செல்லாது. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, சிறப்புத் திருமணச் சட்டத்தைக் கோர்ட்டே திருத்தி எழுத முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை. திருமணம் என்று சொல்லாமல், "இணை வாழ்க்கை" என்றாவது அரசு அங்கீகரிக்க வேண்டுமா, சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில்தான் அமர்வு பிரிந்தது. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் ஆதரவாகவும், மற்ற மூவரும் எதிராகவும் எழுதினார்கள். 3-2 என்பதால் அதுவும் கிடைக்கவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

திருநங்கைகள் விஷயத்தில் நிலை வேறு. ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய தூத்துக்குடியில் அதிகாரிகள் மறுத்தபோது, வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தேனி மாவட்டமும் இந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆண்–பெண் என்ற உறவில் இருக்கும் திருநங்கையும் திருநம்பியும் நடப்புச் சட்டங்களின் கீழேயே திருமணம் செய்யலாம் என்பதை சுப்ரியோ தீர்ப்பும் உறுதி செய்தது.

ஆக, சுருக்கம் இதுதான். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. அவர்கள் கோயிலில் மாலை மாற்றிக்கொள்வதும் குற்றமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் திருமணத்தைப் பதிய முடியாது.

மதுரையிலிருந்து கிளம்பிய வழக்கு

இந்த விஷயத்தில் இந்தியா முழுக்க எடுத்துக்காட்டப்படும் ஒரு வழக்கு, தேனிக்குத் தாய் மாவட்டமான மதுரையில் தொடங்கியது. 2021-ல், காதலித்த இரண்டு இளம்பெண்கள் வீட்டின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்குப் போனார்கள். இரு வீட்டாரும் ஆளுக்கொரு காணாமல்போன புகார் கொடுக்க, இரண்டு எஃப்.ஐ.ஆர். பதிவாயின. போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்பு கேட்டு அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அந்தப் பெண்களிடமும் பெற்றோரிடமும் பேசினார். பிறகு, இந்த விஷயத்தைத் தானே இன்னும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் ஓர் அமர்வில் கலந்துகொண்டார். 2021 ஜூன் 7-ல் அவர் பிறப்பித்த உத்தரவின் முக்கிய அம்சங்கள் இரண்டு.

ஒன்று, காணாமல்போன புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்துடன் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டு, தன்பாலின ஈர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று சிகிச்சை செய்வது தடை. அப்படிச் செய்பவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இந்த உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 2022-ல் தமிழக அரசு, காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் துன்புறுத்தும் காவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க அது வழிசெய்கிறது. விசாரணை நடத்தும் உரிமையை அது தடுக்கவில்லை, துன்புறுத்தலைத்தான் தடுக்கிறது. அதே ஆண்டு, "குணப்படுத்தும்" சிகிச்சையை மருத்துவருக்கான தொழில்முறை ஒழுங்கீனமாக தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. இவர்களைக் கொச்சைப்படுத்தாமல் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலை தமிழக அரசு கெசட்டில் வெளியிட்டதும் இந்த வழக்கின் தொடர்ச்சிதான்.

"சாமியாரிடம் கூட்டிப் போனால் சரியாகிவிடும்", "டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுத்தால் மாறிவிடும்" என்ற பேச்சு ஊர்ப்பக்கம் சகஜம். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயே இல்லாத ஒன்றுக்கு மருந்து எழுதுபவர் அரசு மருத்துவராக இருந்தாலும், தனியார் கிளினிக் வைத்திருப்பவராக இருந்தாலும், அவருடைய பதிவே ஆபத்துக்குள்ளாகும் என்பதுதான் இப்போதைய விதி.

போலீஸே பெற்றோரிடம் ஒப்படைத்தால்?

சட்டம் தெளிவாக இருந்தும் ஸ்டேஷனில் நடப்பது பல நேரம் வேறாக இருக்கிறது. வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருவரை, அவருடைய விருப்பத்துக்கு மாறாக போலீஸார் பெற்றோருடன் அனுப்பிவைத்தனர். வீட்டில் அவரை அடித்ததாகவும், "மாற்றுவதற்காக" சடங்குகள் செய்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அவருடைய இணை தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவை 2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு விசாரித்தது.

அந்தப் பெண் தன் விருப்பப்படி யாருடன் வேண்டுமானாலும் போகலாம் என்றும், குடும்பத்தார் அதில் தலையிடக் கூடாது என்றும் நீதிபதிகள் உத்தரவிட்டனர். போலீஸாரின் மெத்தனத்தையும் கண்டித்தனர். தீர்ப்பில் ஒரு வாதம் முக்கியமானது: தன்பாலின திருமணத்துக்கு சட்ட அங்கீகாரம் இல்லை என்பது உண்மை, ஆனால் குடும்பம் அமைய திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை. "தேர்ந்தெடுத்த குடும்பம்" என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எல்லை தாண்டினால் சட்டம் மாறுமா?

தேனி மாவட்டத்துக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள் கேரளாவுக்குப் போகின்றன. விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புபவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். வேலை அங்கே, வீடு இங்கே, சொந்தபந்தம் இரண்டு பக்கமும்.

மாநிலம் மாறினாலும் உரிமை மாறாது. 2022 மே 31-ல் கேரள உயர் நீதிமன்றம், குடும்பத்தாரால் பிரிக்கப்பட்ட இரண்டு இளம்பெண்களை, அவர்களிடமே விருப்பத்தைக் கேட்டறிந்து சேர்ந்து போக அனுமதித்தது. கேரளாவிலிருந்து போன இன்னொரு வழக்கில், 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களைத் தந்தது. அந்தக் குறிப்பிட்ட வழக்கில், சம்பந்தப்பட்ட பெண் தன் பெற்றோருடனேயே இருக்க விரும்புவதாகச் சொன்னதால் மனு ஏற்கப்படவில்லை. ஆனால் கீழ்க்கண்டவை எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் பொருந்தும்:

* இணையரோ நண்பரோ தாக்கல் செய்யும் ஆட்கொணர்வு மனுவை முன்னுரிமை கொடுத்து விசாரிக்க வேண்டும்.

* இருவருக்கும் என்ன உறவு என்று துருவக் கூடாது. அடைத்து வைக்கப்பட்டவரின் விருப்பம் என்ன என்பதே கேள்வி.

* அவரிடம் நீதிபதி தனியாகப் பேச வேண்டும். பெற்றோர் பக்கத்தில் நின்று அழுத்தம் கொடுக்கும் நிலை இருக்கக் கூடாது.

* மனதை மாற்றும் நோக்கத்தில் "கவுன்சலிங்" அனுப்பக் கூடாது.

* தன்பாலின இணையர், திருநர் இணையர், சாதி மாறிய, மதம் மாறிய இணையர் யாராக இருந்தாலும், பாதுகாப்பு கேட்டு வந்தால் மிரட்டலை நிரூபித்த பிறகுதான் என்று காத்திருக்காமல் உடனே இடைக்காலப் பாதுகாப்பு தர வேண்டும்.

கடைசி அம்சம் கவனிக்கத்தக்கது. சாதி மறுத்துக் காதலித்தவர்களும் தன்பாலின இணையரும் ஊரில் சந்திப்பது ஒரே மாதிரியான கோபத்தைத்தான். "மானம் போச்சு" என்ற அதே வார்த்தை, அதே அடைத்து வைப்பு, அதே அவசரக் கல்யாணம். இரண்டையும் ஒரே வரியில் வைத்து நீதிமன்றம் பேசியது தற்செயல் இல்லை. பெற்ற மகளாகவே இருந்தாலும், வயது வந்தவரை விருப்பத்துக்கு மாறாக அறையில் பூட்டி வைப்பது நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவில் வரும் குற்றம்.

சேர்ந்து வாழ்பவர்களுக்கு என்னென்ன கிடைக்கும்?

சுப்ரியோ தீர்ப்பைத் தொடர்ந்து மத்திய அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்த அறிவிப்புகளின்படி, தன்பாலின இணையர் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை. ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். ரேஷன் கார்டு விஷயத்தில் அவர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கடிதம் போனது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைப் பெற்றுக்கொள்ளவும், சிறையில் சந்திக்கவும் வழிசெய்யப்பட்டது.

ஆனால் இவை எல்லாம் சுற்றறிக்கைகள், சட்டம் இல்லை. "நாமினியாப் போட்டாச்சு, போதும்" என்று இருந்துவிடுவதும் ஆபத்து. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே. அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை வாரிசுரிமைச் சட்டம்தான் முடிவு செய்யும். இணையர் சட்டப்படி வாரிசு இல்லை. இருவரும் இருபது வருடம் சேர்ந்து உழைத்து, ஒருவர் பெயரில் திராட்சைத் தோட்டம் வாங்கியிருந்தாலும், அவர் இறந்தால் அது அவருடைய ரத்த உறவுகளுக்குத்தான் போகும். இதற்கு இப்போது இருக்கும் நம்பகமான வழி உயில் எழுதுவதுதான். சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். இருவர் பெயரிலும் சேர்த்துக் கிரயம் செய்வது இன்னொரு வழி.

இந்த இடைவெளியை நிரப்பத்தான், சேர்ந்து வாழ்பவர்கள் "குடும்ப இணைவு ஒப்பந்தம்" ஒன்றைப் பதிவு செய்துகொள்ளும் முறையைக் கொண்டுவருவது பற்றிப் பரிசீலிக்குமாறு 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசிடம் சொன்னது. திருமணத்துக்கு இணையான தகுதியை அது தராது. துன்புறுத்தல் இல்லாமல் சேர்ந்து வாழ்வதற்கு ஓர் ஆதாரமாக இருக்கும் என்பதே அந்த யோசனை.

உலகம் எங்கே நிற்கிறது?

தன்பாலின திருமணத்தை முதலில் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து, 2001-ல். இன்று 40-க்குச் சற்றுக் குறைவான நாடுகளில் அது செல்லும். தமிழர்கள் அதிகம் குடியேறியிருக்கும் கனடா (2005), பிரான்ஸ் (2013), ஆஸ்திரேலியா (2017), சுவிட்சர்லாந்து (2022) எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஆசியாவில் முதலில் தைவான், 2019-ல். தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவை வைத்து, 2023 நவம்பரில் முதல் திருமணம் பதிவானது.

எதிர்ப்பக்கம், 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது இன்னும் குற்றம். அவற்றில் பல, ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டத்தையே வைத்திருக்கின்றன. 377 இந்தியாவில் எழுதப்பட்டு மற்ற காலனிகளுக்கும் போனது. மலேசியாவில் அதே 377-ன் வழிவந்த பிரிவுகள் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் நீக்கியது; அதே கையோடு, திருமணம் என்றால் ஆண்–பெண் திருமணம்தான் என்ற விளக்கத்தைக் கோர்ட்டில் எதிர்க்க முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்தியது. இலங்கையில் 1883-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை நீக்கும் மசோதா அரசியல் சாசனத்துக்கு முரணானது இல்லை என்று 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நிலைமை மாறவில்லை. தமிழ் வம்சாவளியினர் வாழும் மொரீஷியஸில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தடையை அகற்றியது.

வேலைக்காக வளைகுடா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாவற்றிலும் இது குற்றம். சவுதியில் மரண தண்டனை வரை போகலாம். "எங்க ஊர்ல தப்பில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. உகாண்டா 2023-ல் சில சூழல்களுக்கு மரண தண்டனை விதிக்கும் புதிய சட்டமே போட்டது. டிரினிடாட்டில் 2018-ல் கோர்ட் நீக்கிய தடையை, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. கிடைத்த உரிமை கையைவிட்டுப் போகவும் செய்யும் என்பதற்கு இந்தியாவின் 2009, 2013 தீர்ப்புகள்போல இதுவும் சான்று.

தேனியில் இருப்பவர் என்ன செய்யலாம்?

வீட்டைவிட்டுக் கிளம்பும் சூழல் வந்தால், வயதைக் காட்டும் ஆவணத்தை, ஆதாரோ பத்தாம் வகுப்பு சான்றிதழோ, கையில் வைத்திருப்பது முதல் பாதுகாப்பு. "எனக்கு 18 வயது நிரம்பிவிட்டது, என் விருப்பத்தில்தான் போகிறேன், யாரும் கடத்தவில்லை" என்று எழுதி, உள்ளூர் ஸ்டேஷனுக்கும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டால், பின்னால் வரும் காணாமல்போன புகாருக்கும் கடத்தல் புகாருக்கும் அது பதில் சொல்லும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலும் அணுகலாம். பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. யாராவது அடைத்து வைக்கப்பட்டிருந்தால், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதை ரத்த உறவுதான் போட வேண்டும் என்பதில்லை. இணையரோ நண்பரோ போடலாம்.

பெற்றோருக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மகளோ மகனோ நலமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவர்கள் புகார் கொடுப்பதில் தவறில்லை. அந்தப் பதிலை வாங்கித் தருவது போலீஸின் கடமை. அவர் எங்கே, யாருடன் வாழ வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம்தான், 18 வயது நிரம்பிய நாளோடு, பெற்றோர் கையிலிருந்து போய்விடுகிறது. போலீஸின் கையிலும் அது கிடையாது.